தலைதட்டி ஒரு தேக்கரண்டி

ஏப்ரல் 21, திங்கள்

இன்று சொல்லாதது: "அம்மா, கருகுகிற வாடை எனக்குத் தெரியாது."

சொன்னது: "போன் வந்துச்சும்மா, பாக்காம விட்டுட்டேன்." போன் எதுவும் வரவில்லை. நான் அடுப்புக்கு நேர் எதிரேதான் நின்றிருந்தேன். என் கண் ஜன்னலுக்கு வெளியே போயிருந்த ஒரு நிமிடத்தில் வாணலியில் மல்லி கறுத்துவிட்டது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாதான், "ஏட்டி ஆவுடை, கருகுது! மூக்க என்ன வாடகைக்கா விட்டிருக்க?" என்று கத்தினாள்.

போன வெள்ளிக்கிழமை பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே சமையல் இனி என்னுடையது. "படிக்கிற பிள்ளை" என்று இருபத்தாறு வயது வரை என்னை அடுப்படிக்கு வெளியே வைத்திருந்தார்கள். காபியும் தோசையும் தெரியும், அவ்வளவுதான்.

மற்றதையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத வேண்டியதில்லை. போன ஜூலையில் ஒரு வாரம் காய்ச்சல். ஐந்தாம் நாள் காபி வெந்நீராகிவிட்டது. காய்ச்சல் போனது, மணம் திரும்பி வரவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் இருக்கிறது என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். நேர்மையான மனிதர்.

வீட்டில் சொல்லவில்லை. காரணம் என் பையில் இருக்கிறது. கரூரில் ஒரு கல்லூரியில் உதவி நூலகர் வேலைக்கு நியமனக் கடிதம். ஜூன் 16 சேர வேண்டும். அறை எடுத்து, தனியாக இருந்து, தானே சமைத்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போவதற்கே அம்மாவிடம் இரண்டு மாதம் வாதாடித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறேன். மூக்கு இல்லாத பெண்ணை அம்மா கேஸ் அடுப்போடு ஓர் ஊரில் தனியாக விடமாட்டாள்.

சமையல் கற்க எனக்கு எட்டு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

கடைத்தெருவில் அளவுக் கரண்டிகள் வாங்கினேன். எஃகு. ஒரு வளையத்தில் நான்கு: மேசைக்கரண்டி, தேக்கரண்டி, அரை, கால். கைப்பிடியில் 15, 5, 2.5, 1.25 என்று மில்லி லிட்டர் பொறித்திருக்கிறது. கடைக்காரர், "கேக் செய்யதுக்காம்மா?" என்று கேட்டார். "சாம்பாருக்கு" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எங்கள் வீட்டுக் கரண்டிகளை அளந்தேன். உப்பு போட்டு வைக்கும் மரவைக் கிண்ணத்தில் கிடக்கும் கரண்டி, கோபுரமாக எடுத்தால், இரண்டேகால் தேக்கரண்டி. அஞ்சறைப்பெட்டிக் கரண்டி, அரை. காபித்தூள் டப்பாக் கரண்டி, ஒன்றேகால். அம்மா இந்த மூன்றையும் "ஒரு கரண்டி" என்றுதான் சொல்கிறாள். நேற்று ரசம் ஏன் உப்புக் கரித்தது என்பது இப்போது புரிகிறது.

கோபுரமாக எடுக்காமல் கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும். வீட்டில் அப்பா நெல் அளந்த காலத்தில் அதைத் "தலைதட்டி" அளப்பது என்பார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன். தலைதட்டி ஒரு தேக்கரண்டி. எத்தனை முறை எடுத்தாலும் அதே ஒன்று.

ஏப்ரல் 24, வியாழன்

வாரப் பத்திரிகைகளில் வந்த சமையல் இணைப்புகள் பதினேழு, அலமாரியில் இருந்தவை, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வெந்தயத்துக்கு அளவு சொல்கிறார்கள். முந்திரியை எண்ணிச் சொல்கிறார்கள். உப்பு வந்ததும் "தேவையான அளவு".

யாருக்குத் தேவையான அளவு? தெரிந்தவளுக்கு இந்தப் புத்தகம் எதற்கு? தெரியாதவளுக்கு இந்த வரி எதற்கு?

பிறகு, "பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடவும்." பதினேழு இணைப்புகளில் இந்த வாக்கியம் அறுபத்திரண்டு இடங்களில் வருகிறது. எண்ணினேன். "மணம் வரும்வரை வறுக்கவும்" நாற்பத்தெட்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

உலகம்மை அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வந்தவள் நேரே அடுப்படிக்கு வந்தாள். நான் சாம்பாருக்கு உப்பு தலைதட்டிக்கொண்டிருந்தேன்.

"மைனி, இங்க வந்து பாருங்க! ஒங்க மக மருந்துக்கடை வச்சிருக்கா!"

அம்மா கூடத்திலிருந்து, "நானும் நாலு நாளா பாத்துட்டுதான இருக்கேன். இருமல் மருந்து மாதிரி ஊத்துதா" என்றாள்.

"ஏட்டி, சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"மூணு வேளையும் அத்தை" என்றேன்.

அத்தை என் கையிலிருந்து கரண்டி வளையத்தை வாங்கிக் காதருகில் ஆட்டிப் பார்த்தாள். "கொலுசு மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா மக்கா, சமையல் கையில இருக்கணும். ஒங்கம்மா கைய விட்டு எடுத்துப் போட்டா என்னைக்காவது கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?"

"போட்டுட்டு நாக்குல விட்டுப் பாத்துக்கிடுதாங்கள்லா. கை மட்டுமா சமைக்குது?"

"இதுக்குத்தான் புள்ளைங்கள ரொம்பப் படிக்க வைக்கப்பிடாதுங்கது."

நான் விடவில்லை. கோயில் கல்வெட்டுகளைப் பற்றி அச்சில் வந்ததை நிறையப் படித்திருக்கிறேன். சாமிக்கு அமுது படைக்க அரிசி இத்தனை நாழி, நெய் ஓர் ஆழாக்கு, இத்தனை செவிடு என்று அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நெய்யைச் செவிடுக் கணக்கில் அளந்தவர்கள் நம்முடைய ஆட்கள்தானே? "நெய் தேவையான அளவு" என்று ஒருவரும் கல்லில் வெட்டவில்லை. இதைச் சொன்னேன்.

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "அது மடப்பள்ளிக்காரன் நெய்யத் தூக்கிட்டுப் போயிருவான்னுட்டு வெட்டினது" என்றாள்.

அம்மா அவ்வளவு சிரித்தாள். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் அந்தக் கையைத் தடவிக்கொண்டே, "என் அளவு இந்தக் கட்டுக்குள்ள கெடக்கு. அது வர வரைக்கும் இவ மருந்துதான்" என்றாள்.

சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. முக்கால் லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. தூள் உப்பு. கல் உப்பு கரண்டியில் நடுவே இடைவெளி விடும், அளவு ஏமாற்றும். அத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள். அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மே 1, வியாழன்

காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

மே 3, சனி

ஒரு வேலை நடக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து எனக்குச் சமையல் சொல்கிறாள். கண்ணுக்கு அடுப்பு தெரியாது. மூக்கை வைத்துச் சொல்கிறாள். "மணம் வந்துட்டு, எறக்கு." "இன்னும் பச்சை வாசனை போகல, கொதிக்கட்டும்." "வெங்காயம் வதங்கிட்டு, தக்காளியப் போடு." நான் மேடையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். அம்மாவின் குரல் வந்ததும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

மல்லி இரண்டு மேசைக்கரண்டி, இரும்பு வாணலி, நடுத்தரத் தீ: 2 நிமிடம் 40 நொடி. மறுநாள் 2.45. அதற்கு மறுநாள் 2.40.

புளித்தண்ணீரில் சாம்பார்ப்பொடி, பச்சை வாசனை போக: 9 நிமிடம்.

இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி: 1 நிமிடம் 30 நொடி.

அம்மாவின் மூக்கு கடிகாரம்போல வேலை செய்கிறது. எந்தப் பத்திரிகையும் தராததை அவள் தினமும் எனக்குத் தருகிறாள், தருவது தெரியாமல். கரூரில் மின் அடுப்பு வைத்துக்கொள்ளப் போகிறேன். அதில் நேரம் மாறும். ஆகவே நிறத்தையும் சேர்த்துக் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். வெங்காயம் கண்ணாடியாகும் நேரம், ஓரம் சிவக்கும் நேரம். பொரிகிற சத்தம் அடங்குவதையும்.

நான் செய்வது திருட்டா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மே 9, வெள்ளி

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்திலிருந்து ஓடிவந்தாள். கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து இடது கையால் குமிழைத் திருப்பி மூடி, ஜன்னலைத் திறந்தாள்.

"கேஸு கொடலப் பொரட்டுது, பக்கத்துல நிக்கியே! ஒனக்குத் தெரியலையா?"

"ஜலதோஷம்மா. மூக்கு அடைச்சிருக்கு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆவி பிடி" என்றாள்.

ஆவி பிடித்தேன். மறுபடி மஞ்சள்தூள் எடுத்தபோது இரண்டு முறை சிந்திவிட்டது. மின்விசிறிக் காற்று.

மே 10, சனி

மின் அடுப்பு என்பது உறுதி. கேஸ் என்னோடு கரூருக்கு வராது.

மே 14, புதன்

துணி மடித்தேன். அம்மாவின் சுங்குடிச் சேலைகள் நான்கு. மடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

சிறு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் சேலையில் முகம் துடைத்துக்கொள்வேன். கடுகு தாளித்த எண்ணெய் மாதிரி, திருநீறு மாதிரி, வெயில் மாதிரி என்று அந்த வாசனைக்குச் சொற்கள் தேடியிருக்கிறேன். சொற்கள் இன்னும் இருக்கின்றன.

இரவு உணவு: கோதுமை உப்புமா. ரவை ஒரு கப், தண்ணீர் இரண்டரை, உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி. அம்மா, "நேத்து மாதிரியே இருக்கு" என்றாள். குறையாகச் சொன்னாளா, பாராட்டாகச் சொன்னாளா தெரியவில்லை. நேற்று மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

மே 18, ஞாயிறு

வருகிற சனிக்கிழமை அப்பாவுக்கு வருஷத் திதி. யார் சமைப்பது என்று இன்று பெரிய பேச்சு.

அத்தை, "அண்ணனுக்குப் படைக்கிறத நான் வந்து செஞ்சுருதேன். இவ ஸ்பூன வச்சுக்கிட்டு அண்ணனுக்கும் மருந்து ஊத்தவா?" என்றாள்.

"எங்கப்பாவுக்கு நான் சமைக்கப்பிடாதா?"

"சமைக்கலாம் மக்கா. ஆனா படையல் முடியுத வரைக்கும் நாக்குல வச்சுப் பாக்கப்பிடாது. தெரியும்லா? காக்கா எடுத்த பொறவுதான் நம்ம வாய்க்கு. கைத்திட்டம் இல்லாதவ ருசி பாக்காம எப்படிச் செய்வ?"

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. முகத்தில் காட்டவில்லை. "அத்தை, ருசி பாக்காமச் சமைக்கணும்னா இந்த வீட்ல அதுக்கு ஏத்த ஆள் நான்தான்" என்றேன். "நான் ஒரு மாசமா நாக்குல வச்சே பாக்கலை. கேட்டுப் பாருங்க."

அம்மா, "ஆமா, பாத்ததே இல்ல" என்றாள், யோசனையோடு.

கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டோம். அத்தைக்குச் சாம்பாரும் வடையும். எனக்கு அவியல், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அம்மா மேற்பார்வை.

மே 24, சனி

எழுதிவிடுகிறேன், வரிசையாக.

காலையில் குளித்துவிட்டு, என் பங்குக்கான உப்பு, மஞ்சள், சீரகம், வெல்லம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து சிறு கிண்ணங்களில் வைத்தேன். கிண்ணம் காலியானால் போட்டாயிற்று என்று பொருள். அத்தை அதைப் பார்த்து, "இதென்ன, அண்ணனுக்கு முன்னால கிண்ணங்களுக்குப் படையலா?" என்றாள். அவள் கல் உப்பைக் கையால் அள்ளி, கண்ணை மூடி, சாம்பாரில் விட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு வடைக்கு உளுந்தை வழிக்கப் பின்பக்கம் போனாள்.

அப்போது அம்மா அடுப்படிக்கு வந்தாள். சாம்பாரைப் பார்த்தாள். இடது கையால் உப்பு எடுத்து விட்டாள். நான் பாயசத்துக்கு வெல்லம் வடிகட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். அத்தை ஏற்கெனவே போட்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அவியலை இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். பாட்டில் தீர்ந்திருந்தது. மேல் தட்டில் இன்னொன்று இருந்தது. இரண்டு மேசைக்கரண்டி, சிந்தாமல், சரியாக.

கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அப்பாவின் படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்தோம். மாடிச் சுவரில் காகத்துக்கு வைத்தோம். இரண்டு காகம் வந்து எடுத்தன. பிறகு உட்கார்ந்தோம். அம்மா, அத்தை, அத்தையின் கணவர் பிரம்மநாயகம் மாமா, நான்.

மாமா முதல் கவளத்தை வாயில் வைத்தார். "உலகு, திருச்செந்தூரு இங்கன வந்துட்டா? கடல் தண்ணி மாதிரி இருக்கு."

"என்னத்தச் சொல்லுதீங்க?" அத்தை சாப்பிட்டுப் பார்த்தாள். "நான் அளவாத்தான போட்டேன்!"

"நீயும் போட்டியா?" என்றாள் அம்மா.

ஒரு நிமிடம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மைனி, ஒங்களுக்குக் கையில கட்டா, கண்ணுலயுமா?" என்று அத்தை ஆரம்பிக்க, மாமா சிரித்துச் சிரித்து மோரைத் தேடினார். எல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும். மாமா அவியலை எடுத்தார்.

"மருமகளே, உப்பு தராசுல நிறுத்த மாதிரி இருக்கு." கொஞ்சம் மென்றார். "ஆனா எண்ணெய் காறுதே."

அத்தையும் எடுத்தாள். "ஆமா. எந்தப் பாட்டில்லட்டி எடுத்த?"

"மேல் தட்டுல இருந்தது."

"அது விளக்குக்குன்னு ஒதுக்குனதுல்லா!" என்றாள் அம்மா. "போன தீபாவளிக்கு வாங்குனது. மூடியத் தொறந்தாலே நாறுமே."

மாமா உடனே, "விடுங்க. படையலுக்குள்ளத மோந்து பாக்கப்பிடாதுல்லா. புள்ள முறையாத்தான் செஞ்சிருக்கு" என்றார்.

"அதான" என்றாள் அத்தை. "சாமிக்கு வைக்கிற பூவயே நாம மோக்க மாட்டோம்."

எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். மோர் ஒரு கரண்டி வாங்கிக் குடித்திருந்தால் முடிந்திருக்கும். ஜூன் 16 பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் அவர்கள் மன்னித்த காரணம் என்னுடையதல்ல. அதை என் இலையில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"முறைக்காக இல்ல மாமா" என்றேன். "மோந்து பாத்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு மணமே கெடையாது. பத்து மாசமா."

அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு கேஸு?"

"ஆமா."

"மல்லி கருகுனது?"

"ஆமா."

"கரூருக்கு எழுதிப் போட்டுரு. வரலைன்னு."

"போவேன்."

"கேஸத் தொறந்து வச்சுட்டுத் தூங்குவ. யாரு வந்து பாப்பா?"

"கேஸே வைக்க மாட்டேன். கரண்ட் அடுப்பு."

"கரண்ட் போனா?"

"அவல் நனைச்சுத் திம்பேன்."

"கெட்டுப்போனதத் தின்னுட்டுக் கெடப்ப. இன்னைக்கு எண்ணெய், நாளைக்குப் பாலு."

அது சரியான கேள்வி. அதற்கும் பதில் சொன்னேன். "எண்ணெய் என் தப்புதாம்மா. இனிமே ஒவ்வொரு பாட்டில்லயும் தேதி எழுதி ஒட்டுவேன். தேதி தாண்டுனா கொட்டிருவேன். ஆனா ஒண்ணு கேக்கேன். இந்தச் சாம்பார்ல உப்புப் போட்டது யாரு? மூக்கும் நாக்கும் கைத்திட்டமும் இருக்குறவங்க ரெண்டு பேரு. நீ அஞ்சு வாரமா சாப்பிட்டது என் மூக்கு சமைச்சதில்ல, கையும் சமைச்சதில்ல. இந்த ஸ்பூன் வந்த பொறவு ஒரு நாளாவது உப்பு கூடுனிச்சா? என் அவியல்ல உப்பு எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

குரல் உயர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். அப்பா படத்துக்கு முன்னால்.

"உப்பு சரிதான்" என்றார் மாமா, மெதுவாக.

அம்மா எழுந்து போய் இடது கையைக் கழுவினாள். பாயசம் சாப்பிடவில்லை.

மே 25, ஞாயிறு

பாயசத்தைக் கொட்டினேன். தேதி ஒட்டும் வேலையைத் தொடங்கினேன். நாற்பத்தொரு டப்பா.

மே 27, செவ்வாய்

அம்மா என் சிறு நோட்டைப் பார்த்துவிட்டாள். அடுப்படி மேடையில்தான் கிடந்தது. நான் ஒளித்து வைப்பதை நிறுத்தியிருந்தேன். நான் உள்ளே போனபோது இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, 'அம்மா குரல், ரெண்டு நாப்பது'?"

"நீ 'மணம் வந்துட்டு'ன்னு சொன்ன நேரம்."

இன்னும் சில பக்கம் புரட்டினாள். "நான் கத்துனதுக்கெல்லாம் நேரம் போட்டிருக்க."

"ஆமா."

"என்ட்ட கேட்டா சொல்லிருக்க மாட்டேனா?"

"கேட்டா போக விட்டிருக்க மாட்ட."

அம்மா நோட்டை மூடி, இருந்த இடத்தில் வைத்தாள். அதன் பிறகு இன்று முழுக்கக் கூடத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. மல்லி வறுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து 2.40-க்கு இறக்கினேன். நிறம் சரியாக இருந்தது. அம்மா சாப்பிட்டாள்.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. இருந்தாலும் அவள் கேட்ட விதம் காதிலேயே இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டாக்டர், விரலுக்குப் பயிற்சி சொல்லி, பழைய பிடி வர மூன்று மாதமாவது ஆகும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தள்ளு" என்றாள். ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் "சோப்பு எங்க", "கேட்டப் பூட்டு" எல்லாம் பேசியிருக்கிறாள்.

ரசத்துக்கு உப்பு எடுக்க மரவைக்குள் கையை விட்டாள். மூன்று விரல் சேரவில்லை. எடுத்த உப்பு வழியிலேயே உதிர்ந்தது. மறுபடி எடுத்தாள். அதுவும் உதிர்ந்தது. எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அளவுக் கரண்டி வளையம் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், மேடையில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இடது கையால் போட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தை வந்தாள். அம்மா மாடியில் இருக்கும் நேரம் பார்த்து என்னை அடுப்படிக்குள் இழுத்து, பெருங்காய டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுமா தெரியல?"

"தெரியல அத்தை."

காபித்தூளைத் திறந்தாள். மண்ணெண்ணெய்த் துணியைக் கொண்டுவந்தாள். கடைசியில், கட்டியிருந்த பூவைத் தலையிலிருந்து எடுத்து நீட்டினாள். பிச்சிப் பூ. நான் தலையசைத்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருங்காயம் கண்ணில் பட்டிருக்கும்.

"இத வெளிய எங்கயும் சொல்லிராத மக்கா. நாளைக்கு ஒரு வரன் வந்தா கொறைன்னு சொல்லுவாவ."

"வந்தா முதல்ல அதத்தான் சொல்லுவேன்."

"ஒங்கப்பன் வாயி" என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "சாம்பாருக்கு நாலு பேருக்குன்னா எத்தனை ஸ்பூன் போடுவ?" என்று கேட்டாள்.

"ஒன்றரை லிட்டருக்கு மூணு. தூள் உப்பு. தலைதட்டி."

"எங்க வீட்டு மாமாவுக்குப் பிரஷர்னு சொல்லிருக்காவ" என்றாள், வேறு காரணம் எதுவும் இல்லை என்பது மாதிரி.

ஜூன் 12, வியாழன்

அம்மாவிடம் மறுபடி சொன்னேன், கோபம் இல்லாமல். திங்கட்கிழமை சேர வேண்டும், ஞாயிறு காலை பஸ், அறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மின் அடுப்பு வாங்கியாயிற்று. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் என் மூக்கைப் பற்றிப் போனிலேயே சொல்லிவிட்டேன்.

"ஊர்ல யாருன்னே தெரியாதவட்ட சொல்லிட்ட" என்றாள் அம்மா. "பெத்தவட்ட சொல்ல பத்து மாசம்."

"அவங்க என்னப் போகாதன்னு சொல்ல முடியாதும்மா."

"நானும் சொல்லலை. சொன்னா கேக்கவா போற?" சேலைத் தலைப்பை உதறிச் செருகினாள். "போ. ஆனா நான் அனுப்பி வச்சேன்னு யார்ட்டயும் சொல்லாத."

சரி என்றேன்.

ஜூன் 28, சனி, கரூர்

பதினைந்தாம் தேதி காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அத்தையும் மாமாவும் வந்தார்கள். பதினாறாம் தேதி வேலையில் சேர்ந்தேன். அம்மா இதுவரை போன் செய்யவில்லை. நான் தினமும் செய்கிறேன். எடுக்கிறாள், "ம்" என்கிறாள், வைத்துவிடுகிறாள். மின் அடுப்பில் மல்லிக்கு 3 நிமிடம் 15 நொடி ஆகிறது. மணம் திரும்பவில்லை. மூன்று வேளையும் நானே சமைத்துச் சாப்பிடுகிறேன்.